கடையில் தேங்கினால் கவலை, வீட்டில் தேங்கினால்?

2024ஆம் ஆண்டு ரமழானுக்கு முந்திய வாரம். புறக்கோட்டையில் வியாபாரம் செய்பவர்களுக்கு அந்த வாரம் எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெருநாள் சரக்குக்காகக் கொடுத்த பின்திகதியிட்ட செக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வங்கிக்கு வரும். எனக்கும் 285,000 ரூபாவுக்கு ஒரு செக் வரவிருந்தது. கணக்கில் 90,000 ரூபா குறைந்தது. வெளியூர் கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை. வட்டிக்கு எடுக்க மனமில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சியின் கணவரிடம் கைமாற்றாகக் கேட்டேன். அவர் மஃரிப் தொழுதுவிட்டு, கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் வீட்டுக்குப் பணத்தோடு வந்தார்.

வந்தவருக்கு உட்கார இடமில்லை. ஒரு கதிரையில் பெட்ஷீட் கட்டு, மற்றதில் மின்சாரக் கேத்தல் பெட்டிகள், சோபாவில் யாரோ கல்யாணத்துக்குத் தந்த டின்னர் செட். நான் அவசர அவசரமாகப் பெட்டிகளை இறக்கிக் கீழே வைத்தேன். அவர் பணத்தை எண்ணித் தந்துவிட்டு, அந்தப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், நீங்க என்னிடம் கேட்ட காசு இந்த ஹோலுக்குள்ளேயே கிடக்குதே."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பிளாஸ்டிக், சமையலறைச் சாமான் வியாபாரம் செய்பவன். கடையில் ஒரு பெட்டி மூன்று மாதம் அசையாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும். பையன்களைக் கூப்பிட்டு, விலையைக் குறைத்தாவது தள்ளிவிடச் சொல்வேன். அதே பெட்டி என் வீட்டு மாடிப்படியின் கீழ் ஏழு வருடம் கிடந்தால் என் கண்ணில் படுவதேயில்லை. கடையில் அதற்குப் பெயர் முடங்கிய சரக்கு. வீட்டில் அதற்குப் பெயர் சாமான்.

வீட்டில் எடுத்த ஸ்டொக்

நோன்பின் முதல் வாரம், தராவீஹ் முடிந்து வந்தபின் மூன்று இரவுகள் வீட்டில் ஸ்டொக் எடுத்தோம். நான் சொல்லச் சொல்ல மகன் கடைக் கொப்பியில் எழுதினான். பொருளின் பெயர், எத்தனை, எப்போது வாங்கியது, சுமாரான கொள்விலை, கடைசியாக எப்போது பாவித்தது என்று ஐந்து நிரல்கள். நான்கு நிரல்களும் நிரம்பின. ஐந்தாவது நிரல் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது.

ஆறு பேர் வாழும் வீட்டில் 31 பெட்ஷீட்கள் இருந்தன. சுடுநீர்ப் போத்தல்கள் 17, ஹொட்பொட் 9, கேத்தல் 6. மூடியில்லாத பிளாஸ்டிக் பெட்டிகள் 38. பெட்டியில்லாத மூடிகள் 52! எந்த மூடியும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தவில்லை என்பதை உறுதிப்படுத்தவே ஓர் இரவு போய்விட்டது. பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டி ஒன்று, உள்ளே பழைய பற்றுச்சீட்டுகள் அடுக்கப்பட்ட அலுமாரியாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு வருடமாக யாரும் தொடாத பொருட்கள் மொத்தம் 412. அவற்றின் கொள்விலையைக் கூட்டிப் பார்த்தால் 640,000 ரூபா.

நான் கடன் கேட்டது 90,000 ரூபா.

உடனே அதையெல்லாம் விற்றால் 640,000 ரூபாவும் திரும்பி வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பெருநாளுக்குப் பிறகு, விற்கக்கூடியவற்றையெல்லாம் தெரிந்த கடைகளுக்கும் அயலவர்களுக்கும் விற்றேன். கைக்கு வந்தது 118,000 ரூபா. அதாவது போட்ட 100 ரூபாவுக்கு சுமார் 18 ரூபா. மச்சானின் கடன் அதிலேயே அடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். மீதி 82 ரூபா எங்கே போனது? அது வாங்கிய அன்றே போய்விட்டது. நான்தான் அதை வீட்டில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நினைப்பு எனக்கு மட்டும் உரியதல்ல. 1990இல் டானியல் கானமன், ஜக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் அதை வாங்கத் தர முன்வந்த விலையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சில நிமிடங்கள்தான் கையில் இருந்தது. அதற்குள் அதன் பெறுமதி ஏறிவிட்டது. ஏழு வருடம் மாடிப்படியின் கீழ் இருந்த கேத்தலுக்கு நாம் மனதுக்குள் என்ன விலை போட்டிருப்போம் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

"பணத்தை வைத்திருந்தால் அதன் பெறுமதி குறையும், பொருளை வைத்திருந்தால் விலை ஏறும்" என்று ஒரு நண்பர் வாதிட்டார். 2022ஐப் பார்த்தவர்கள் எவரும் இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அப்போது கடையில் சரக்கு வைத்திருந்தவர் தப்பினார் என்பது உண்மை. ஆனால் அது திறக்காத பெட்டியில், விற்பதற்காக, விற்கும் இடத்தில் இருந்த சரக்கு. வீட்டுக்குள் வந்து பெட்டி உடைந்த பொருள், விலை ஏறினாலும் பழைய பொருள்தான். அத்தோடு 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. 2024 செப்டெம்பரில் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்தே போனது. விலை இறங்கியது. நமது கை மட்டும் இறங்கவில்லை. நாளைக்குக் கிடைக்காது என்ற பயத்தில் வாங்கிய பழக்கம், நாளைக்குக் கிடைக்கும் காலத்திலும் தொடர்ந்தது.

பயத்தின் கணக்கு

பயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விடயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். நமது மூத்தவர்கள் சாமான் சேர்ப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், பாணுக்கு அதிகாலையில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள். காலியான பிஸ்கட் டின்னையும் ஹோர்லிக்ஸ் போத்தலையும் அவர்கள் வீசாததற்குக் காரணம் இருந்தது.

என் மாமி எங்களோடுதான் இருக்கிறார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த வீடு, கடை, நகை, பாத்திரம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அவர் கொழும்புக்கு வந்து முதன்முதலில் சமைத்தது, அயலவர் ஒருவர் தந்த மூடியில்லாத சட்டியில். அதற்கு மூடியாக ஒரு பழைய தகரத்தை வைத்தாராம். இன்றைக்கும் அவர் ஒரு மூடியை வீச விடமாட்டார்.

ஸ்டொக் எடுத்த இரண்டாம் இரவு, அவருடைய அலுமாரியைத் திறக்கப் போனேன். "மகன், இதை மட்டும் எழுத வேணாம்" என்றார். நான் கொப்பியை மூடிவிட்டேன். அந்த அலுமாரி எங்கள் கணக்கில் இன்றுவரை இல்லை.

ஜப்பானைச் சேர்ந்த மேரி கொண்டோ என்ற பெண்மணி 2011இல் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதிய புத்தகம் உலகெங்கும் விற்றது. 2019இல் நெட்ஃபிளிக்ஸிலும் வந்தார். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார். எங்கள் வீட்டில் இது சரிவராது. மாமிக்கு 52 மூடிகளும் மகிழ்ச்சி தருகின்றன. வியாபாரிக்கு ஏற்ற கேள்வி வேறு. "கடைசியாக எப்போது பாவித்தேன்? இனி எப்போது பாவிப்பேன்?" திகதி சொல்ல முடியாவிட்டால் அது முடங்கிய சரக்கு.

ஒரு வைத்தியசாலை காட்டிய வழி

இதை முறையாகச் செய்ய எனக்கு உதவியது பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையின் கதை. நம்மில் பலரின் பிள்ளைகள் பிறந்த இடம். 2000ஆம் ஆண்டளவில் அதன் பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தகொட, ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 5 எஸ் முறையை அங்கே கொண்டுவந்தார். தொழிற்சாலைக்கு என்று உருவான முறை, கூட்டம் நிரம்பி வழியும் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்தது. அது எவ்வளவு தூரம் பேசப்பட்டதென்றால், 2007 முதல் ஜப்பானிய ஜைக்கா நிறுவனம் ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு இதை முன்மாதிரியாகக் காட்டியது. தன்சானியாவின் ம்பேயா வைத்தியசாலையும் அந்த வழியில் 5 எஸ் ஆரம்பித்தது. கொழும்பில் இருந்து ஆபிரிக்காவுக்குப் போன முறை, பொரளையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வர இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

5 எஸ் என்பது ஐந்து ஜப்பானியச் சொற்கள். செய்ரி என்றால் வேண்டாததைப் பிரித்தெடுத்தல். செய்டொன் என்றால் வேண்டியதை அதனதன் இடத்தில் வைத்தல். செய்சோ துப்புரவு. செய்கெட்சு, இந்த மூன்றையும் எல்லோருக்கும் ஒரே ஒழுங்காக நியமித்தல். ஷிட்சுகே, அதைப் பழக்கமாக்குதல். இந்த வரிசைதான் முக்கியம். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதுக்குப் போகக்கூடாது.

நாம் எல்லோரும் இரண்டாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். வீடு நிரம்பிவிட்டது என்றவுடன் என்ன செய்கிறோம்? சாமான் போட்டு வைக்கப் பெட்டி வாங்குகிறோம். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்தப் பெட்டியை விற்பவன் நான். சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டி என் கடையில் பெருநாளுக்கு முன் நன்றாகப் போகும். வாங்கிச் செல்பவர் வேண்டாத சாமானை அதற்குள் அடைத்து, மூடி, கட்டிலின் கீழ் தள்ளுவார். அடுத்த வருடம் இன்னொன்று வாங்க வருவார்.

செய்ரியைச் செய்யத் தொழிற்சாலைகளில் சிவப்பு அட்டை கட்டுவார்கள். சந்தேகமான பொருள் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு அட்டை. அதில் திகதி. அதைத் தனியான ஓரிடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது வெளியே போகும். நாங்கள் பழைய கல்யாண அழைப்பிதழ்களின் சிவப்பு உறைகளை வெட்டி அட்டையாக்கினோம். மாடியின் முன்னறையில் எல்லாவற்றையும் குவித்து, ஹஜ்ஜுப் பெருநாள் வரை தவணை வைத்தோம். அந்த இரண்டு மாதத்தில் தேடி எடுக்கப்பட்டவை மொத்தம் ஒன்பது பொருட்கள். அதில் இரண்டு என் மனைவி எனக்குத் தெரியாமல் திருப்பி எடுத்தவை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே அனுப்புவதற்கு முன் இன்னொரு கணக்கையும் முடிக்க வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்தவற்றில் மூன்று பெட்டிகள் உண்மையில் கடைச் சரக்கு. களஞ்சியத்தில் இடமில்லாத ஒரு நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தவை. ரமழானில் ஸகாத்துக்காகக் கடையில் ஸ்டொக் எடுக்கும்போது அவை ஒருமுறையும் கணக்கில் வரவில்லை. தெரிந்த ஓர் ஆலிமிடம் கேட்டேன். சொந்தப் பாவனைக்கான வீட்டுச் சாமான்களுக்கு ஸகாத் இல்லை. ஆனால் விற்கும் நோக்கத்தோடு வாங்கிய பொருள், இடம் மாறியதால் வீட்டுச் சாமான் ஆகிவிடாது, நமது பாவனைக்கென்று நிய்யத்தை மாற்றினால்தான் வேறு என்று விளக்கினார். விட்டுப்போன வருடங்களுக்குரிய 2.5 சதவீதத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தேன். தொகை பெரிதல்ல. ஆனால் மாடிப்படியின் கீழ் கிடந்தது பிளாஸ்டிக் மட்டுமல்ல, ஏழைகளின் பங்கும்தான் என்பது என்னை உறுத்தியது. உங்கள் வீட்டிலும் கடைப்பெட்டிகள் இருந்தால், உங்கள் பள்ளி ஆலிமிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

எங்கே அனுப்புவது?

வீசிவிடுவது இலேசான வழி. ஆனால் நாங்கள் புளூமெண்டால் குப்பை மேட்டின் வாடையோடு வளர்ந்தவர்கள். கொழும்பின் குப்பை பிறகு கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் வீடுகளோடு புதையுண்டு இறந்தார்கள். நம் வீட்டுக்கு வெளியே போவதெல்லாம் இன்னொருவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் போய்ச் சேருகிறது.

ஸதகாவாகக் கொடுக்கலாம் என்றால், அதிலும் ஒரு பிழை நடக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில் நிவாரணமாக வந்த பழைய உடுப்புகள் பாதையோரங்களில் குவிந்து கிடந்தன. டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்ற அமைப்பு போய் அவற்றைத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. நமக்கு யாராவது தந்தால் முகம் சுளித்து வாங்கும் பொருளைத் தர்மமாகக் கொடுக்கக்கூடாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் நமக்குத் தரும் போதனை. ஆகவே துவைத்து, அழுத்தி, பொத்தான் தைத்து, பெட்ஷீட்டைச் சோடி சேர்த்துக் கொடுத்தோம். வேலை செய்யும் கேத்தலை, வேலை செய்கிறது என்று காட்டிக் கொடுத்தோம். கந்தல் துணி கராஜுக்குப் போனது. பேப்பரும் போத்தலும் வழமையாக வருபவரிடம், உடைந்த பிளாஸ்டிக் தூளாக்குபவரிடம். டின்னர் செட்டுகளில் இரண்டு, புதிதாகக் குடும்பம் தொடங்கிய கடைப் பையன்களுக்கு. இந்த வேலை, பிரித்தெடுத்த வேலையைவிட அதிக நாள் எடுத்தது. வாங்க எடுத்த நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்தில் வாங்கியவை.

வாசலில் நிற்கும் கணக்கு

வீடு காலியானது. ஆறு மாதத்தில் மறுபடி நிரம்பத் தொடங்கியது. அப்போதுதான் உண்மையான பிரச்சினை சாமானில் இல்லை, வாசலில் இருக்கிறது என்று விளங்கியது. கடையில் சரக்கு வர ஒரு நடைமுறை இருக்கிறது. யார் ஓடர் போட்டது, எவ்வளவுக்கு, எங்கே வைப்பது என்று கேட்காமல் ஒரு பெட்டியும் இறங்காது. வீட்டில் யார் எதைக் கொண்டுவந்தாலும் கதவு திறக்கிறது.

பெண்கள்தான் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று நாம் பேசுவது வழக்கம். எங்கள் கொப்பியில் யார் வாங்கியது என்றும் பின்னர் குறித்தோம். பாதிக்கு மேல் நான். சம்மாங்கோட்டுப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு 2ஆம் குறுக்குத் தெரு வழியாக நடந்து வந்தால், யாராவது ஒருவர் கூப்பிட்டு "நானா, உங்களுக்குக் கொள்விலைக்கே தாறேன், ஒரு டசின் எடுங்க" என்பார். ஒன்று போதும். ஆனால் ஒன்றுக்கு அந்த விலை இல்லை. பன்னிரண்டு பெட்ஷீட் வீட்டுக்கு வரும். மலிவு விலை என்பது வியாபாரிக்கு ஒரு போதை. மற்றவர்களைவிடக் குறைத்து வாங்கினேன் என்ற பெருமைக்காகவே வாங்குகிறோம். அடுத்தது மாதிரிச் சரக்கு. ஏஜண்ட் கொண்டுவந்து தருவது, வாடிக்கையாளர் திருப்பித் தந்தது, பெட்டியில் மிஞ்சியது எல்லாம் மாலையில் ஷொப்பிங் பேக்கில் வீட்டுக்கு வரும். "சும்மாதானே வந்தது" என்பேன். என் மனைவி ஒருநாள் சொன்னார்: "வாங்குறது நீங்க, வைக்க இடம் தேடுறது நான். இடம் சும்மா வருதா?"

இடம் சும்மா வருவதில்லை. வெள்ளவத்தையில் தங்கச்சியின் மாடிவீட்டில் மூன்று அறை. ஓர் அறையில் வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகள், உடைந்த சைக்கிள், பழைய சோபா. அறை 100 சதுர அடி. சதுர அடி 30,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், பழைய சோபாவுக்காக 30 இலட்சம் ரூபாவில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டைப் பார்த்துச் சிரித்த மச்சானுக்கு இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பழைய சோபா ஏன் அறைக்குள் போனது? ஹோலுக்குப் புதிது வாங்கினார்கள். புதிய சோபாவுக்குத் திரை பொருந்தவில்லை, திரை மாறியது. பிறகு கார்ப்பெட், பிறகு மேசை. 1769இல் தெனி திதரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர், புதிதாகக் கிடைத்த ஓர் அங்கிக்குப் பொருத்தமாக வீட்டிலுள்ள பொருட்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிய கதையை எழுதிவைத்திருக்கிறார். இன்று அதற்கு அவருடைய பெயரிலேயே ஒரு பெயர் உண்டு: திதரோ விளைவு. ஒரு பொருள் தனியாக வீட்டுக்கு வருவதில்லை, கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வருகிறது.

ஆகவே கடை நடைமுறையை வீட்டுக்கும் கொண்டுவந்தோம். சமையலறைச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. சாப்பாடு, மருந்து, பாடசாலைத் தேவை தவிர எது வேண்டுமென்றாலும் முதலில் அதில் எழுத வேண்டும். பொருள், ஏன் வேண்டும், எங்கே வைப்பது, அது வந்தால் எது வெளியே போகும். இரண்டு ஜும்ஆ கடந்த பிறகும் தேவையாக இருந்தால் வாங்கலாம். முதல் வருடத்தில் 64 பதிவுகள். வாங்கியது 23. மீதி 41ஐ, எழுதியவரே வெட்டிவிட்டார். வெட்டப்பட்டவற்றில் அதிகமானவை என் கையெழுத்து. டசின் விலைக்கும் ஒரு விதி இருக்கிறது. மீதி பதினொன்றையும் வாங்க ஆட்களின் பெயர் எழுதினால் மட்டுமே டசின். மாதிரிச் சரக்கு கடையிலேயே ஒரு தட்டில் இருக்க வேண்டும், மாதக் கடைசியில் அரைவிலைக்குப் போகும்.

இதை வாசிக்கும் சிலர் கேட்கக்கூடும்: "எல்லோரும் குறைவாக வாங்கினால் நமது கடைகள் என்னாவது?" நியாயமான கேள்வி. என் கடையிலும் சக்கரப் பெட்டியின் விற்பனை இதனால் குறையலாம், குறையட்டும். ஆனால் என் அனுபவத்தில், வாங்கிய பொருளைப் பாவிக்கிறவர்தான் திரும்பி வருகிறார். தினமும் பாடசாலைக்குப் போகும் சாப்பாட்டுப் பெட்டி ஒரு வருடத்தில் தேயும், அதே கடையில் இன்னொன்று வாங்குவார்கள். கட்டிலின் கீழ் கிடக்கும் பெட்டியை வாங்கியவர் அதை மறந்துவிடுகிறார், கடையையும் மறந்துவிடுகிறார். கடனுக்குத் தள்ளிவிட்ட வேண்டாத சரக்குக்குத்தான் பணமும் தாமதமாக வருகிறது. அந்த ரமழானில் எனக்கு 90,000 ரூபா குறைந்ததற்குக் காரணமான வெளியூர் பாக்கிகளைப் பிறகு பார்த்தேன். பெரும்பகுதி, "எடுங்க, பிறகு தாங்க" என்று நானே வற்புறுத்தி ஏற்றிவிட்ட சரக்கு. அது அவர்களுடைய கடைகளிலும் முடங்கிக் கிடந்தது. இப்போது வெளியூர் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பது, போனமுறை எடுத்ததில் எவ்வளவு மிச்சம் என்றுதான். ஓடர் சிறிதாகியிருக்கிறது. செக் திரும்புவது குறைந்திருக்கிறது.

மாடியின் முன்னறை இப்போது காலி. மகன் அங்கே படிக்கிறான். மாமியின் அலுமாரி அவருடைய அறையில் அப்படியே இருக்கிறது. போன வாரம் சமையலறைக் கொப்பியில் ஒரு புதிய பதிவைப் பார்த்தேன். மாமியின் கையெழுத்து. பொருள்: பூட்டு ஒன்று. ஏன் வேண்டும்: அலுமாரிக்கு. எங்கே வைப்பது: அலுமாரியில். எது வெளியே போகும் என்ற நிரலில், நிறைய யோசித்திருப்பார் போல, ஒரு மூடி என்று எழுதியிருந்தார். ஒரு ஜும்ஆ கடந்துவிட்டது.